எல்லைப்புறத்தில் முதியோர்க்கு ஒரு சாவடி

தமிழ்நாட்டையும் கேரளத்தையும் பிரித்து நிற்கும் மேற்குத் தொடர்ச்சி மலை, பாலக்காட்டுக்கு அருகில் வந்ததும் சற்றே விலகி வழிவிடுகிறது. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமுள்ள அந்தக் கணவாய் வழியாகக் காற்றும் வணிகமும் மக்களும் மொழியும் நெடுங்காலமாகப் போய்வந்துகொண்டிருக்கின்றன. தெற்கே இடுக்கி மாவட்டத்தில் மலை இவ்வாறு வழிவிடவில்லை. அங்கே மக்கள்தாம் மலைமேல் ஏறிக் குடியமர்ந்தார்கள். இவ்விரு எல்லைப்புறங்களிலும் தமிழ் பேசும் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் வாழ்ந்துவருகின்றன.

பயணக் கட்டுரை என்றவுடன் அருவியும் பனிமூட்டமும் வரையாடும் வரும் என்று எதிர்பார்க்கும் அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். மூணாற்றின் அழகை எழுதியோர் பலர். அந்தச் சரிவுகளைப் பச்சைக் கம்பளமாக்கிய கைகள் முதுமை எய்தியபின் எங்கே ஓய்கின்றன என்று எழுதியோர் சிலரே. எல்லைப்புறத்து முதியோர் பகற்பொழுதைக் கழிக்கவும், நான்கு பேருடன் கூடி உண்ணவும் உரையாடவும், குறைந்த செலவில் ஒரு பொது இடம் அமைக்க இயலுமா? அமைப்பதாயின் எங்கே, எவ்வாறு? இக்கேள்விகளை மனத்தில் வைத்துக்கொண்டு செய்த பயணத்தின் குறிப்பே இது. பெற்றோரை ஊரில் விட்டுவிட்டுத் தொலைவில் பிழைக்கும் நமக்கு இஃது அயலார் கதையன்று.

சமூக மடம் தரும் பாடம்

பாலக்காட்டு நகரில் கல்பாத்தி ஆற்றங்கரையில் வரிசையாக நிற்கும் அக்கிரகாரங்களைக் காணாமல் யாரும் திரும்புவதில்லை. ஐப்பசித் தேர்த்திருவிழாவுக்குப் பெயர்பெற்ற அவ்வூரில், இளைஞர் பலர் தலைமுறை தலைமுறையாகச் சென்னைக்கும் மும்பைக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் உத்தியோகம் தேடிச் சென்றுவிட்டனர். திண்ணையில் அமர்ந்திருப்போர் பெரும்பாலும் நரைமுடியினர்.

ஆயினும் அவ்வக்கிரகாரங்களில் கவனிக்கத்தக்க ஓர் ஏற்பாடு உண்டு. 'சமூகம்' என்ற பொது அமைப்பும், அதற்குரிய சமூக மடம் என்னும் கூடமும் அது. திருமணமும் சமாராதனையும் அங்கேதான் நடைபெறும். சமையற்கட்டு, கிணறு, பெரிய கூடம், தெருவிலிருந்து எளிதில் நடந்துவரும் தூரம் ஆகிய நான்கும் ஓரிடத்தில் அமைந்துள்ளன. முதியோர்க்கான பொதுமனைக்கு வேண்டியவையும் இவைதாமே! ஒரு சமூகத்தார் தமக்கென அமைத்துக்கொண்ட கூடத்தின் அமைப்பை, எல்லாச் சாதியாரும் எல்லாச் சமயத்தாரும் கூடும் இடமாக ஊர்தோறும் ஏன் அமைக்கலாகாது? விழா நாட்களில் நிரம்பி வழியும் கூடம் மற்ற நாட்களில் பூட்டிக் கிடப்பது எவ்வூரிலும் நாம் காணும் காட்சியே. ஆகவே, புதிய கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டுவதற்கு முன், பூட்டிய கதவு எங்கே இருக்கிறது என்று பார்ப்பதே அறிவுடைமை.

கரிசல் மண்ணில்

பாலக்காட்டிலிருந்து கிழக்கே சென்றால் சித்தூர் வட்டம் வருகிறது. மன்னராட்சிக் காலத்தில் இது கொச்சி அரசுக்கு உட்பட்டிருந்தது. அண்டையிலிருந்த பாலக்காடோ சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1ஆம் நாள் கேரளம் உருவானபோது இரண்டும் ஒன்றாயின. கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று ஊர்களின் பெயர்களே எல்லையின் கதையைச் சொல்கின்றன. கேரளத்தில் அரிதாகக் காணப்படும் கரிசல் மண் இங்கே உண்டு, மழை குறைவு, தென்னையும் நிலக்கடலையும் பயிராகின்றன. ஒரு பேருந்து பொள்ளாச்சிக்கும் மற்றொன்று கோவைக்கும் விரைகிறது. வேலைதேடி இளையோர் அவற்றில் ஏறிவிடுகின்றனர்.

இங்கே முதியவர்க்கு வீடு பெரும்பாலும் சொந்தம், நிலம் சமதளம். துன்பம் தருபவை வெயிலும் தண்ணீர்த் தட்டுப்பாடும் தனிமையுமே. கோடையில் கணவாய்ப் பகுதியின் வெப்பம் 40 பாகையை எட்டிவிடுகிறது. தகரக் கூரைக்கடியில் நண்பகலில் தனித்துக் கிடக்கும் எழுபது வயதினர்க்கு வெப்பமே ஒரு நோய். ஆதலின் சமவெளியில் அமையும் முதியோர் மனைக்கு உயர்ந்த கூரை, காற்று குறுக்கே ஓடும்படியான சாளரங்கள், வாசலில் வேம்பு அல்லது புங்கமரத்தின் நிழல், கோடையிலும் வற்றாத குடிநீர் ஆகியவை முதற்தேவைகள். இவற்றுள் எதுவும் பெருஞ்செலவு பிடிப்பதன்று.

வேலையோடு ஒட்டிய வீடு

பொள்ளாச்சி, உடுமலை வழியாகச் சின்னாற்றைத் தாண்டினால் சாலை இடுக்கி மாவட்டத்துள் ஏறுகிறது. சந்தனக் காட்டுக்கும் வெல்லத்துக்கும் புகழ்பெற்ற மறையூரைக் கடந்து, குளிரும் தேயிலையும் ஒருங்கே தொடங்கும் இடத்தில் நாம் வேறோர் உலகத்துள் புகுகிறோம்.

1877இல் பூஞ்சாற்று அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ பெற்ற உரிமைப் பத்திரத்தில் கண்ணன் தேவன் மலைத் தோட்டங்களின் வரலாறு தொடங்குகிறது. தென்தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து கங்காணிகள் வாயிலாகக் குடும்பங்கள் போடி மலைப்பாதையில் ஏறிவந்தன. காடு தேயிலையாயிற்று, வந்தவர்களுக்கு 'லயம்' எனப்படும் வரிசை வீடுகள் கட்டித் தரப்பட்டன. இலங்கையிலும் மலேயாவிலும் தோட்ட வாழ்வை அறிந்த நம் மூத்தோர்க்கு இவ்வீடுகளைப் பற்றி விளக்க வேண்டியதில்லை.

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் ஒரு நல்ல சட்டம் என்பதில் ஐயமில்லை. தொழிலாளர்க்கு வீடு, மருத்துவம், 150 பேருக்கு மேல் வேலை செய்யுமிடத்தில் உணவகம், 50 பெண்கள் வேலை செய்யுமிடத்தில் குழந்தைக் காப்பகம், பொழுதுபோக்கு வசதி ஆகியவற்றை முதலாளியின் கடமையாக அது விதித்தது. அச்சட்டத்தின் இடத்தில் 2020ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. இரண்டிலும் பயனடைவோர் வேலையில் உள்ளோரும் அவர்தம் குடும்பத்தாருமே. தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கு ஓர் அறை ஒதுக்கிய சட்டம், நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்து முதுகு வளைந்தவர்க்கு ஒரு திண்ணையைக்கூட ஒதுக்கவில்லை.

இதனால் நேர்வது யாது? லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. மகனோ மகளோ அதே தோட்டத்தில் பேர்பதிந்து வேலைக்குச் சேர்ந்தால் வீடு குடும்பத்தின் கையில் நிற்கும். இல்லையேல் ஓய்வு பெற்றபின் காலி செய்ய வேண்டும். தாய் தந்தையர்க்குக் கூரை வேண்டுமென்பதற்காகவே படித்த பிள்ளை கொழுந்துக் கூடையைத் தோளில் ஏற்றுவதுண்டு. பிள்ளை திருப்பூருக்கோ கோவைக்கோ போய்விட்டால் முதியோர் மலையை விட்டிறங்குவதும் உண்டு. முதியவர் ஒருவரிடம், "ஐயா, சொந்த ஊர் எது?" என்று வினவினேன். பாட்டன் வந்த ஊரின் பெயரைச் சொன்னார். அங்கே உறவினர் இருக்கிறார்களா என்று கேட்டதற்கு, அவ்வூரைத் தாம் ஒரு முறைதான் பார்த்திருப்பதாகக் கூறி, எதிர்ச்சரிவைக் காட்டினார். அங்கேதான் அவர் பிறந்த லயம் இருந்தது.

2015 செப்டம்பரில் மூணாற்றுப் பெண் தொழிலாளர் 'பெண்பிள்ளை ஒருமை' என்ற பெயரில் திரண்டு போனசுக்காகவும் கூலிக்காகவும் சாலையில் அமர்ந்தபோதுதான் இம்மலைவாழ்வின் சுமையை வெளியுலகம் உற்றுநோக்கியது. 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, இராஜமலைக்கு அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியபோது 70 பேர் மாண்டனர். பாட்டியும் பேரனும் ஓரறையில் உறங்கிய வீடுகள் அவை. இத்துயரத்தை இங்கே நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. மலையில் எங்கே கட்டுகிறோம் என்பது எத்தகைய கட்டடம் என்பதினும் பெரிய கேள்வி. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் மூணாற்றின் இரயில் பாதையையே அழித்தொழித்தது. 2010இல் கேரள உயர் நீதிமன்றம் பிறப்பித்த ஆணைக்குப் பின், இப்பகுதியில் கட்டடம் எழுப்ப வருவாய்த்துறையின் மறுப்பின்மைச் சான்று தேவையாயிற்று. ஆகவே புதுக் கட்டடம் என்று புறப்பட்டால் ஆண்டுகள் கழியும். முதியோர்க்கு அத்தனை ஆண்டுகள் கையிருப்பில் இல்லை.

எத்தகைய மனை வேண்டும்?

2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், ஆதரவற்ற முதியோர் குறைந்தது 150 பேர் தங்கக்கூடிய இல்லம் மாவட்டத்துக்கு ஒன்றேனும் அமைக்கலாம் என்று கூறுகிறது. கருணை மிக்க கருத்தே. ஆனால் பாலக்காடும் இடுக்கியும் ஒவ்வொன்றும் 4,300 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்புடையவை. மாவட்டத்தின் மறுகோடியில் எழும் பெரிய மாளிகையால், தேவிகுளத்து மூதாட்டிக்கு யாது பயன்? அவர் வேண்டுவது தம் வீட்டிலிருந்து பறிக்கப்பட்டுப் போய்த் தங்கும் இடமன்று. காலையில் சென்று மாலையில் திரும்பும் இடம். அண்டை வீட்டாரின் முகம் தெரியும் இடம். நம் முன்னோர் இதைச் சாவடி என்றார்கள். கேரளத்தார் 'பகல்வீடு' என்று அழகாகப் பெயரிட்டுள்ளனர். உள்ளாட்சி மன்றங்கள் பகல்வீடுகளை நடத்தும் முறை அங்கே முன்பே வேரூன்றியிருக்கிறது. ஆகவே நாம் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. உள்ளதை எல்லைப்புறத்துக்கு ஏற்பத் திருத்தி அமைத்தால் போதும்.

முதலாவது, தொலைவு. முதியவர் கால்நடையாகக் கால்மணி நேரத்தில் சேரும் தூரத்தில் மனை இருத்தல் வேண்டும். தோட்டப் பகுதியில் டிவிஷனுக்கு டிவிஷன் செங்குத்தான பாதை உள்ளதால், ஓர் ஊரில் ஒரு பெரிய மனையைவிட மூன்று டிவிஷன்களில் மூன்று சிறிய அறைகள் மேல். சிங்கப்பூரில் அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்திலேயே முதியோர் நிலையங்களை அமைத்திருப்பது இக்கருத்தைப் பற்றியதே.

இரண்டாவது, கட்டடம். குழந்தைகள் குறைந்துபோன காப்பகம், பயன்படாத மஸ்டர் அறை, வாசகர் குறைந்த படிப்பகம், விழாக் காலத்துக் கூடம் இவற்றுள் ஒன்றைச் செப்பனிடுவது நன்று. வாயிலில் படிக்குப் பதிலாகச் சரிவுப் பாதை, சுவரோரம் கைப்பிடி, வழுக்காத தரை, அமர்ந்து பயன்படுத்தும் கழிப்பிடம் ஆகிய நான்கும் இன்றியமையாதவை. முதுமையில் ஒரு முறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அதன்பின் எழுந்து நடப்பது அரிது. மலையில் இவற்றோடு கதகதப்பான அறையும் வெந்நீரும் வேண்டும். குளிர்காலத்தில் மூணாற்றின் வெப்பநிலை பூச்சியத்தை அணுகும் இரவுகள் உண்டு.

மூன்றாவது, பணி. நாற்காலியும் தொலைக்காட்சியும் மட்டும் உள்ள மனை சில திங்களில் பாழாகும். ஒரு வேளைச் சூடான உணவு, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் செவிலியரின் வாராந்தர வருகை, தமிழ் நாளிதழ், ஓய்வூதியத் தாள்களை நிரப்பித் தருவதற்கு எழுத்தறிந்த ஓர் இளைஞர், மாலையில் பள்ளிப்பிள்ளைகள் வந்து படிக்க ஒரு மூலை ஆகியவை இருப்பின் மனை உயிர்பெறும். கேரளம் 2008இலேயே நோய் தணிப்புப் பராமரிப்புக்குத் தனிக் கொள்கை வகுத்து, படுத்த படுக்கையாயிருப்போர் வீட்டுக்கே செவிலியர் செல்லும் முறையை ஏற்படுத்திய மாநிலம். அச்செவிலியர் வாரம் ஒரு நாள் இம்மனைக்கும் வந்து செல்லுமாறு கேட்கலாம். சமையலை 1998இல் தொடங்கிய குடும்பசிரீ மகளிர் குழுவிடம் ஒப்படைத்தால் ஊர்ப் பெண்களுக்கும் வருவாய் கிட்டும்.

கணக்கைப் பார்ப்போம்

உணர்ச்சியால் தொடங்கிக் கணக்கால் நின்றுபோன அறப்பணிகள் பல. ஆதலின் ஒரு மாதிரிக் கணக்கு: 25 முதியோர், மாதம் 25 நாட்கள், உணவுக்கு ஆளொன்றுக்கு 40 ரூபாய் என்று கொண்டால் உணவுச் செலவு 25,000 ரூபாய். சமையலுக்கு ஒருவர், பராமரிப்புக்கு ஒருவர், ஆளுக்கு 15,000 எனில் 30,000. மின்சாரம், மருந்து, சில்லறைப் பழுதுக்கு 5,000. ஆக மாதம் 60,000. ஆண்டுக்கு 7,20,000 ரூபாய்.

முதியோர் நாளொன்றுக்கு 5 ரூபாய் செலுத்தினால் 3,125 வரும். தொகை சிறிதாயினும் அதை வாங்குவது நன்று. இலவசம் என்ற கூச்சமின்றி உரிமையோடு அமர்ந்து உண்பர். கேரள அரசின் சமூகநல ஓய்வூதியம் 2025 நவம்பர் முதல் மாதம் 2,000 ரூபாயாக உயர்ந்துள்ளது. அதைப் பெறுவோர்க்கு இது தாளக்கூடிய தொகையே. எஞ்சிய 56,875 ரூபாயில் பாதியை ஊராட்சி ஏற்குமானால், மறுபாதிக்கு வேண்டியது மாதம் 100 ரூபாய் தரும் 285 குடும்பங்கள்.

அன்பர்களே! நம்மில் 285 குடும்பங்கள் இல்லையா? ஊர்க்கோயில் கோபுரத்துக்கு நாம் அள்ளித் தருகிறோம். கட்டடத்தின் முகப்பில் பெயர் பொறிப்பதென்றால் இலட்சங்கள் சேர்ந்துவிடும். ஆனால் சமையற்காரரின் ஏழாவது மாதச் சம்பளத்துக்குப் பெயர்ப்பலகை இல்லை. பொதுமனைகள் மூடப்படுவது அந்த ஏழாவது மாதத்தில்தான். ஆதலின் தரும் உதவியைக் கட்டடத்துக்கென்று ஒருமுறை தருவதினும் நடைமுறைச் செலவுக்கென்று மாதந்தோறும் தருவதே சிறந்தது.

கேட்கும் முறை

கேரளத்தில் கிராம சபை வட்டாரந்தோறும், மூன்று மாதத்துக்கு ஒரு முறையேனும் கூட வேண்டுமென்பது சட்டம். 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தின் பின், திட்ட நிதியில் பெரும்பங்கு உள்ளாட்சிகளின் கைக்கு வந்தது. முதியோர்க்கென்றே தனிக் கிராம சபை கூட்டும் வழக்கமும் உண்டு. அங்கே எழுந்து கேட்பவர்க்கே மனை கிடைக்கும். மொழி தெரியாதென்ற தயக்கம் வேண்டா. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் தம் பகுதி அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதவும், தமிழிலேயே விடை பெறவும் உரிமை அளிக்கிறது. அவ்வுரிமை பயன்படுத்தாவிடில் துருப்பிடித்துவிடும். முதியோர்க்கெனத் தனி ஆணையம் அமைக்க 2025இல் சட்டமியற்றிய மாநிலமும் அதுவே. கேட்பதற்குரிய கதவுகள் திறந்தே உள்ளன.

இத்தகைய பகல்வீடு எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று சொல்வது பொய்யாகும். லயத்தைக் காலி செய்யும் தொழிலாளிக்குப் பகலில் ஓரிடம் கொடுத்துவிட்டு, இரவில் எங்கே படுப்பது என்ற கேள்வியை மறைத்துவிடலாகாது. வீடும் வீட்டுமனையும் அவர்தம் உரிமை. அதற்கான போராட்டம் தொடர வேண்டியதே. எனினும் அந்த நீண்ட வழக்கு முடியும் வரை அவர்கள் பசித்தும் தனித்தும் இருக்க வேண்டுமென்ற நியதி இல்லை. அன்றியும், நாள்தோறும் ஒரு கூரையின்கீழ்க் கூடுவோர் தம் குறைகளை ஒருங்கே கேட்கவும் வல்லவராவர்.

அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும் அன்பர்கள் இரண்டு செயல்களை மேற்கொள்வார்களாக. உங்கள் ஊரில் பூட்டிக் கிடக்கும் பொதுக்கட்டடம் எது, அதன் சாவி யாரிடம் உள்ளது என்று விசாரித்து எழுதுங்கள். அங்கிருந்து கால்மணி நடையில் அறுபது கடந்தோர் எத்தனை பேர், அவர்களுள் நண்பகலில் தனித்து உண்போர் எத்தனை பேர் என்று வீடுவீடாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இவ்விரு விவரங்களும் அடங்கிய ஒரு தாளே கிராம சபையில் வைக்கத்தக்க திட்டத்தின் முதற்பக்கம்.